ஸ்பானர்க்காரி எங்கே போனாள்

கொச்சி மட்டாஞ்சேரியில் மாவு விற்கும் வசந்தியிடம் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். உளுந்து விலை ஏறியது, குழாயில் தண்ணீர் வராதது, பள்ளுருத்தி பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்று வந்தது என்று எல்லாவற்றுக்கும் அவளிடம் பொறுமையான ஒரு பதில் உண்டு. கப்பல் சீரியலின் கடைசி சீசனைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்துவிட்டால், அன்றைக்கு மாவு வாங்க வந்தவர்கள் எல்லோரும் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போக முடியும்.

"அத எழுதுன கை வெளங்குமா? நாலு சீசன் ஒருத்திய ராணி மாதிரி வெச்சிருந்துட்டு, அஞ்சாவதுல கொண்டுபோயி அடுப்புல தள்ளிட்டான். எவனோ ஒரு ஆம்பளதான் எழுதியிருப்பான்" என்பாள். சொல்லும்போது கையில் கரண்டி இருந்தால் மாவு சுவரெல்லாம் தெறிக்கும்.

அந்தத் தொடர் தொண்ணூறுகளின் கடைசியில் கேபிளில் வந்தது. ஆங்கிலம். அதற்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது. வசந்தி வளர்ந்த லைன் வீட்டு வரிசையில் யாருக்கும் அது வாயில் நுழையாததால் கப்பல் சீரியல் என்றே ஆகிவிட்டது. ஆகாயத்தில் ஓடும் ஓர் ஓட்டைச் சரக்குக் கப்பல், அதில் ஐந்தாறு பேர், கிரகம் கிரகமாகப் போய்ச் சரக்கு ஏற்றி இறக்குவார்கள். கொச்சித் துறைமுகத்தை ஒட்டிப் பிழைப்பவர்களுக்கு அதைப் புரிந்துகொள்வதில் பெரிய சிரமம் இருக்கவில்லை. சுங்கக்காரனும், கமிஷன் கேட்கிற அதிகாரியும், காசு தராமல் இழுத்தடிக்கிற வியாபாரியும் நட்சத்திரங்களுக்கு நடுவிலும் அப்படியேதான் இருந்தார்கள்.

அந்தக் கப்பலின் இன்ஜினைப் பார்த்துக்கொண்டவள் ஒரு பெண். முகத்தில் எப்போதும் கரி, இடுப்பில் ஸ்பானரும் திருப்புளியும் தொங்குகிற அகலமான பெல்ட். கிழட்டு கேப்டன் 'இனி அவ்வளவுதான், எல்லோரும் சாகப்போகிறோம்' என்று கையைப் பிசையும்போதெல்லாம் அவள்தான் எங்கேயாவது நுழைந்து, எதையாவது முறுக்கி, கப்பலைக் கிளப்புவாள். லைனில் அவளுக்கு ஸ்பானர்க்காரி என்று பெயர். பத்தாவது படித்துக்கொண்டிருந்த வசந்திக்கு அவள் மேல் அப்படி ஒரு பைத்தியம். வீட்டில் இருந்த ஒரே ரேடியோவைப் பிரித்துப் போட்டு அடி வாங்கியதும் அந்தக் காலத்தில்தான். அடி வாங்கிய பிறகு அதைத் திரும்பப் பூட்டிப் பாடவும் வைத்துவிட்டாள்.

இங்கிலீஷ் தெரியாத இத்தனை பேர் அந்தக் கதையை எப்படிப் பார்த்தார்கள் என்றால், அதற்கு வெங்கிட்டு சாமி இருந்தார். பூர்வீகம் பாலக்காடு, பஜாரில் சுக்கு ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் கணக்கர். லைனின் முகப்பில் சொந்த வீடு, அதில் கலர் டிவி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடம் நிறைய ஜனம் உட்கார்ந்திருக்கும். சாமி டிவிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, சத்தத்தைச் சற்றுக் குறைத்து வைத்து, ஒவ்வொரு காட்சியையும் தமிழில் சொல்லிக்கொண்டே போவார். அழகாகச் சொல்வார், அதில் குறையே இல்லை. கேப்டனுக்கு ஒரு குரல், சுங்கக்காரனுக்கு மூக்கால் ஒரு குரல். அவர் சொல்லாத வரைக்கும் டிவியில் இருப்பவர்கள் சும்மா வாயை அசைத்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்தக் கூடத்தில் சாமியின் குரலுக்குக் காத்திருக்காத ஒரே ஆள் அவருடைய மகள் லச்சு என்கிற அனந்தலக்ஷ்மி. இங்கிலீஷ் மீடியம். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, எல்லோருக்கும் முன்னாலேயே சிரித்துவிடுவாள். மற்றவர்கள் அரை நிமிடம் கழித்துச் சிரிப்பார்கள்.

வசந்தியின் அப்பா ஒச்சப்பன் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். பஜாரில் கைவண்டி இழுத்தார். ஞாயிற்றுக்கிழமை குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, கோயிலுக்குப் போவது போல வெங்கிட்டு வீட்டுக்குப் போவார். அவருக்கும் ஸ்பானர்க்காரி என்றால் உயிர். வசந்தி பத்தாவது பாஸாகி, களமசேரி ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரானிக் மெக்கானிக் சீட்டும் கிடைத்தபோது, லைனில் பாதிப் பேர் பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு அது என்றார்கள். ஒச்சப்பன், "அந்தப் புள்ள ஆகாசத்துல மிஷின் பாக்குது. எம்புள்ள களமசேரியில பாக்கக் கூடாதா?" என்று கேட்டார். வசந்தி அந்தச் சொல்லைக் காதில் வாங்கிக்கொண்டு ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் நடந்தாள்.

அப்போதுதான் கடைசி சீசன் வந்தது. ஸ்பானர்க்காரியை அவளுடைய கிரகத்து வாலிபன் ஒருவனுக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். அவன் கப்பலுக்கே வந்துவிட்டான். கடைசிப் பாகத்தில் அவள் கேப்டனோடு நெடுநேரம் பேசினாள், பெல்ட்டைக் கழற்றி மேசை மேல் வைத்தாள், நீளமான ஒரு நடைவழியில் தனியாகப் போனாள், ஒரு கதவு திறந்தது, வெளிச்சம் வந்தது, முடிந்துவிட்டது. வெங்கிட்டு சாமி தழுதழுத்த குரலில் சொன்னார்: அவள் வேலையை விட்டுவிட்டாள், போதும் இந்த அலைச்சல் என்று சொல்லிவிட்டாள், கதவுக்கு அந்தப் பக்கம் ஊருக்குப் போகிற சின்னக் கப்பல் நிற்கிறது, இனி கல்யாணம், குடும்பம், நிம்மதி. ஜன்னலருகே நின்று அழுத மாப்பிள்ளை சந்தோஷத்தில் அழுகிறான். கூடத்தில் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். வசந்திக்குத் தலையில் கல் விழுந்தது போல இருந்தது.

ஒச்சப்பன் அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். மறுநாள் சொன்னார்: "அவளே கடைசில வீட்டுக்குத்தான் போனா, பாத்தேல்ல. மிஷினெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான் ஆத்தா." சீட்டு யாருக்கோ போயிற்று. கொஞ்ச காலத்தில் வசந்தியை ரமேஷ்பாபுவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பள்ளுருத்தியில் ஆட்டோ ஓட்டுகிறவர், நல்ல மனிதர், அவரைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் கிடையாது. ஒரு மகள் பிறந்தாள், ரோஜா. லைனிலேயே குடியிருந்து, வீட்டில் கிரைண்டர் போட்டு மாவு பாக்கெட் வியாபாரம் தொடங்கினாள் வசந்தி. இன்றைக்கு நாலு கடைகளுக்குப் போகிறது அவள் மாவு. கிரைண்டர் நின்றுபோனால் மெக்கானிக் அனில் வருவான். அவள் டார்ச் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பாள். அவன், "சேச்சி, கொஞ்சம் மாறி நிக்கணும். கரன்ட்டாக்கும்" என்பான். ஒவ்வொரு தடவையும் அவள் விலகி நிற்பாள். ஒவ்வொரு தடவையும் அந்த சீரியலை எழுதியவனுக்கு ஒரு சாபம் விழும்.

காக்கநாட்டில் வேலை பார்க்கிற ரோஜாதான் போன மாதம் ஒருநாள் போனை ஆட்டிக்கொண்டு வந்தாள். "அம்மா, நீ திட்டுவியே அந்த சீரியல், ஆப்புல வந்திருக்கு. தமிழ்ல பேசுறாங்க." டிவியில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். மதியச் சோற்றுக்குப் பிறகு, கிரைண்டர் ஓடுகிற நேரத்தில் வசந்தி தினமும் பார்த்தாள். முதல் நாலு சீசனும் அதே தேன். கடைசி சீசனை மட்டும் தள்ளிக்கொண்டே வந்தாள். பிறகு, திட்டுவதற்காவது ஒருமுறை ஒழுங்காகப் பார்த்துவிட்டுத் திட்டலாமே என்று உட்கார்ந்தாள்.

கடைசிப் பாகம். மாப்பிள்ளை ஜன்னலருகே நின்று, "என்னோடு வந்துவிடு" என்றான். ஸ்பானர்க்காரி, "நான் வரவில்லை. நீ நல்லவன். ஆனால் என் வேலை இங்கே இருக்கிறது" என்றாள். அவன் அழுதான். கிழட்டு கேப்டன் அவளைக் கூப்பிட்டு, "எனக்குக் கண் மங்கிவிட்டது. கப்பல் இனி உன்னுடையது. அந்த பெல்ட்டை இங்கே வைத்துவிட்டுப் போய் என் நாற்காலியில் உட்கார்" என்றார்.

வசந்தி ரிமோட்டைத் தேடி எடுத்து, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்டாள். தமிழ்க்காரன் தப்பாகப் பேசியிருப்பானோ என்று மலையாளத்தில் மாற்றிக் கேட்டாள். அதே பேச்சு. சாயங்காலம் ரோஜாவை உட்கார வைத்து இங்கிலீஷிலும் கேட்கச் சொன்னாள். "அதேதாம்மா. அவ கேப்டன் ஆயிட்டா" என்றாள் ரோஜா. அன்றைக்கு கிரைண்டரை நிறுத்த மறந்து மாவு சூடேறிக் கெட்டுப்போயிற்று. இத்தனை வருட வியாபாரத்தில் அப்படி நடந்ததே இல்லை.

முகம் தெரியாத அந்த எழுத்துக்காரர்களிடம் மனதுக்குள் ஒரு மன்னிப்புக் கேட்டாள். அதற்கு மேல் அவர்களுக்கு ஒதுக்க நேரமில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக ஊர் பேர் தெரியாதவன் மேல் கொட்டிய கோபம் முழுக்க, நாலு வீடு தள்ளி ஈஸி சேரில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் ஆளுக்கு உரியது என்று தெரிந்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. காதில் பூச்சுற்றுவதற்கும் ஓர் அளவு வேண்டாமா? இவர் தோட்டத்தையே சுற்றியிருக்கிறார்.

முதலில் அப்பாவிடம் போனாள். ஒச்சப்பன் முட்டி தேய்ந்து, இப்போது அவளோடுதான் இருக்கிறார். 'நான் செய்தது சரிதான், அவளே போனாளே' என்று இன்றைக்கும் அவ்வப்போது சொல்லிக்கொள்கிறவர். யாரும் கேட்காமலே சொல்வார். அவரை டிவி முன்னால் உட்கார வைத்துக் கடைசிப் பாகத்தைத் தமிழில் போட்டுக் காட்டினாள். முழுவதும் பார்த்துவிட்டு அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"மாத்திப்புட்டான்."

"யாரு மாத்துனா?"

"இந்தத் தமிழ்ப் பேசுறவன். மெட்ராசுல குந்திக்கிட்டு அவன் இஷ்டத்துக்குப் பேசுறான். அவனுக்கு என்ன மனசிலாகும்? சாமி நேரா இங்கிலீசுலருந்துல்ல சொன்னாரு. அதான் ஒரிஜினல்."

"அப்பா, ரோஜாவும் இங்கிலீஷ்ல கேட்டா. அதேதான் சொல்றா."

"அது சின்னப்புள்ள. சாமி அளவுக்கு வருமா?" என்று சொல்லிவிட்டு அவர் சாயா கேட்டார்.

வசந்திக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கண்ணால் பார்த்தாலும், மூன்று பாஷையில் சரிபார்த்துச் சொன்னாலும், இந்த மனிதருக்கு வெங்கிட்டு சாமி வாயால் சொன்னால்தான் கதை. சாவதற்குள் இவர் அந்த வாயாலேயே உண்மையைக் கேட்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். இழந்த சீட்டு திரும்பி வராது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? ஆனால் செய்தது சரி என்ற நிம்மதியோடு அவர் போய்ச் சேருவதை அவளால் தாங்க முடியவில்லை.

மாவுக் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் போனாள். சாமியின் வீட்டு மாடி இப்போது வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு. கீழே அவர் மட்டும். மாமி இறந்து வருடமாகிறது.

"எந்த சீரியல்?" என்றார் முதலில்.

"கப்பல் சீரியல், சாமி. ஸ்பானர்க்காரி."

"ஓ, அதா. நன்னா இருக்கும் அது. அந்தக் காலத்து எடுப்பு வேற."

"கடைசில அவ எங்க போறா?"

வெங்கிட்டு சாமி பேப்பரை மடித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறந்திருக்கிறாரோ என்று வசந்திக்கு இருந்த கொஞ்ச சந்தேகமும் அந்தத் துடைப்பில் போய்விட்டது.

"கேட்டயா வசந்தி, ஆத்துல அத்தன பொண் கொழந்தைகள் ஒக்காந்திண்டிருந்தா. நிச்சயம் பண்ணினவன விட்டுட்டு ஒருத்தி கப்பல் ஓட்டப் போறா. அத நான் எப்படிப் பறயறது? அவாவா அம்மா அப்பா என்ன நெனப்பா? கொஞ்சம் மாத்திச் சொன்னேன். நல்லதுக்குத்தான்."

"யாரோட நல்லதுக்கு?"

"பொதுவா எல்லார் நல்லதுக்கும்."

"உங்க லச்சுவும் அங்கதான இருந்தா? அவளுக்கு இங்கிலீஷ் தெரியும். அவ காதுல முழுக் கதையும் விழுந்துச்சு. கேட்டுட்டு அவ இன்ஜினியரிங் போனா, நீங்க சந்தோஷமா அனுப்புனீங்க. நாங்க நீங்க குடுத்த கதையக் கேட்டுட்டு மாவாட்டுறோம். இந்த நல்லது உங்க பொண்ணுக்கு வேண்டாம்னு எப்படி சாமி தோணுச்சு?"

"வேண்டாத்த வர்த்தமானம் பேசாதே. நான் உன்னப் படிக்க வேண்டாம்னு சொன்னேனா? உங்கப்பன் எடுத்த தீர்மானம் அது."

"எங்கப்பா உங்க வாயப் பாத்துட்டு இருந்த மனுஷன். அது உங்களுக்குத் தெரியும். சீட்டு விஷயத்த உங்ககிட்ட வந்து கேட்டாருல்ல? என்ன சொன்னீங்க?"

சாமி மடித்த பேப்பரை மறுபடி மடித்தார். "ஆலோசிச்சுச் செய்யுன்னு சொன்னேன்" என்றார்.

"அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமதான் கடைசிப் பாகம். ஆலோசிக்கிறதுக்கு நல்லா எடுத்துக் குடுத்தீங்க." வசந்தியின் குரல் மாடிவரை கேட்டிருக்கும்; ஒரு வெள்ளைக்காரி படியில் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். "நாளைக்கு நாலு மணிக்கு வாங்க. எங்கப்பாவ வெச்சிக்கிட்டு அந்தப் பாகத்த மறுபடி சொல்லுங்க. உள்ளது உள்ளபடி."

"ஒச்சப்பனுக்கு வயசாயாச்சு. இனி எதுக்கு அவன் மனசக் கஷ்டப்படுத்தணும்?"

"எனக்கும்தான் வயசாகுது சாமி. வரலேன்னா உங்களுக்கு இனி என் வீட்டு மாவு கெடையாது. எதுக்குக் கெடையாதுன்னு கேக்கிறவங்ககிட்டயெல்லாம் சொல்லுவேன்."

மறுநாள் நாலு மணிக்கு வெங்கிட்டு சாமி வந்தார். மாவுக்காக வந்தாரா, மானத்துக்காக வந்தாரா, மனசாட்சி உறுத்தி வந்தாரா என்று தெரியாது. மூன்றாவதை வசந்தி நம்பவில்லை.

ஒச்சப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. முட்டி வலியை மறந்து எழுந்து நின்று கும்பிட்டார். "சாமிக்குச் சேர் போடு, சாயா போடு" என்று அடுக்கினார். வசந்தி இங்கிலீஷில் ஓடவிட்டு, சத்தத்தைக் குறைத்தாள். சாமி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். வயதானாலும் குரல் கெடவில்லை. ஒச்சப்பன் கன்னத்தில் கை வைத்து, டிவியைப் பார்க்காமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை ஜன்னலருகே வந்தான். சாமி தடுமாறினார். "அவன் கூப்பிடறான். அவளுக்கும் போகணும்னுதான் ஆசை. ஆனா இப்போ கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு, முடிச்சுட்டு..."

வசந்தி ரிமோட்டை அழுத்தி நிறுத்தினாள். "அவ அப்படிச் சொல்லல சாமி."

"சொல்றதும் அர்த்தமும்..."

"அவ சொன்னதச் சொல்லுங்க."

சாமி ஒச்சப்பனைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "வரமாட்டேங்கறா" என்றார். "என் வேலை இங்க இருக்குங்கறா."

ஒச்சப்பன் கன்னத்திலிருந்து கையை எடுத்தார். படம் ஓடியது. கேப்டன் பேசினார். சாமி இந்தத் தடவை எதையும் விழுங்காமல் சொன்னார்: கண் மங்கிவிட்டது, கப்பல் இனி உன்னுடையது, என் நாற்காலியில் போய் உட்கார்.

"அப்ப பெல்ட்ட எதுக்குக் கழட்டுறா?" என்று கேட்டார் ஒச்சப்பன்.

"கேப்டனாயிட்டா. இனி அவளுக்கு ஸ்பானர் வேண்டாம்."

"அந்தக் கதவுக்கு அங்கிட்டு?"

"கப்பல் ஓட்டற எடம்."

வெளிச்சம் வந்தது, பெயர்கள் ஓடின. ஒச்சப்பன் கடைசிப் பெயர் போகும்வரை டிவியையே பார்த்தார். பிறகு மெதுவாக, "அன்னைக்கும் இதுதான் வந்துச்சா சாமி? ஒங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும் ஒச்சப்பா" என்றார் வெங்கிட்டு. அவர் குரலில் கேப்டனும் இல்லை, சுங்கக்காரனும் இல்லை. "போனதெல்லாம் போகட்டும். அவாவாளுக்கு என்ன விதிச்சிருக்கோ அதுதான் நடக்கும். நன்னாத்தானே இருக்கா வசந்தி, என்ன கொறை?"

வசந்தி ரிமோட்டைக் கீழே வைத்தாள். செய்வதையும் செய்துவிட்டு விதியின் தலையில் கட்டுகிறாரே இந்த மனிதர்! அவள் வாயைத் திறப்பதற்குள் ஒச்சப்பன் அவள் பக்கம் திரும்பினார். கண்ணில் நீர் கட்டியிருந்தது. சாமி, ஒச்சப்பன் அறியாமல், அவளைப் பார்த்துத் தலையை அசைத்தார். என்ன கேட்டாலும் இல்லை என்று சொல்லிவிடு, பாவம் கிழவன் என்பதாக.

"ஆத்தா, அப்ப நான் ஒன்னைய களமசேரிக்கு அனுப்பியிருக்கணுமா?" என்று கேட்டார் ஒச்சப்பன்.

அவள் போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவர் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"ஆமாப்பா. அனுப்பியிருக்கணும்."